நெல் நாட்டு விஞ்ஞானி – பகுதி 5: காட்டுக் கிழங்கின் கொடை

கும்பகோணத்தில் 1925-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி, டாக்டர் சாம்பசிவனுக்கும் பார்வதி தங்கம்மாளுக்கும் பிறந்த சுவாமிநாதன், யானைக்கால் வியாதியை ஊரை விட்டே விரட்டுவதென்று ஊராரைத் திரட்டிக் கொசு ஒழிப்பில் முனைந்த தந்தையைப் பதினோராம் வயதில் பறிகொடுத்து, அவர் வழியிலேயே வைத்தியம் பயில எண்ணியிருந்த நிலையில், 1943-ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் அவர் மனத்தைத் திருப்பிக் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் கொண்டு சேர்த்த வரலாற்றை இதுவரை கண்டோம்.

1947-ல் பட்டம் பெற்றுத் தில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தவர், அங்கே மரபியலும் பயிர்ப் பெருக்கமும் பயின்றார். கத்தரியும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அடங்கிய சொலானம் என்னும் செடியினத்தின் அணுக்களை நுண்ணோக்கியில் ஆராயத் தொடங்கியதோடு சென்ற பகுதி நின்றது.

இனி 1949.

இரண்டு அழைப்புகள்

சுற்றத்தாரின் வற்புறுத்தலுக்கு இணங்கி அவர் எழுதியிருந்த மத்திய சர்க்கார் சர்வீஸ் பரீட்சையில் தேறி, இந்தியப் போலீஸ் சர்வீஸுக்குத் தேர்வானார். ஏறக்குறைய அதே சமயத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம், ஹாலந்து தேசத்து வாகனிங்கன் நகரில் மரபியல் ஆராய்ச்சி செய்வதற்கு உபகாரச் சம்பளம் அளிக்க முன்வந்தது.

இவற்றுள் எது பெரிது என்று அன்றைய கும்பகோணத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரே விடைதான் கிடைத்திருக்கும். காவேரிப் பாசனத்தில் நிலம் படைத்த குடும்பங்களில், நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைப்பதும், படித்த பிள்ளை சர்க்கார் உத்தியோகத்தில் அமர்வதும், அவன் அனுப்பும் பணத்தில் மேலும் நிலம் வாங்குவதும் இரண்டு மூன்று தலைமுறைகளாக நடந்து வந்த காரியங்கள். போலீஸ் சூப்பரிண்டெண்டு என்ற பதவியோ குடும்பத்துக்கு மட்டுமன்றித் தெருவுக்கே கௌரவம். அதை வேண்டாமென்று தள்ளிவிட்டு ஒரு பட்டதாரி மண்ணையும் செடியையும் நாடிப் போவது, படிப்பு எந்தத் திசையில் ஒருவனைக் கொண்டு செல்ல வேண்டும் என்று அந்த ஊர் நம்பியிருந்ததோ அதற்கு நேர் எதிரான திசையில் நடப்பதாகும்.

அதுவும் எந்தச் செடியை நாடி? நெல்லையா, கரும்பையா, வாழையையா? இல்லை, உருளைக்கிழங்கை!

தஞ்சாவூர் ஜில்லாவில் உருளைக்கிழங்கு விளைவதில்லை. இரவு குளிர்ந்தாலன்றி அச்செடி மண்ணுக்குள் கிழங்கு கட்டாது. டெல்டாவின் இரவுகளுக்கு அந்தக் குளிர்ச்சி கிடையாது. நீலகிரியில் வெள்ளைக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறிமுகப்படுத்திப் பயிராக்கிய கிழங்கு, மேட்டுப்பாளையத்து மண்டிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தது. கல்யாணப் பந்தியில் காரக்கறியாக அதற்கு வரவேற்பு உண்டு. ஆனால் ஆசாரமுள்ள வீடுகளில் அது ‘இங்கிலீஷ் காய்’. திவசத்தன்று வாழைக்காய்க்கும் பாகற்காய்க்கும் சேப்பங்கிழங்குக்கும் கிடைக்கும் இடம் அதற்குக் கிடையாது. இன்றும் எத்தனையோ வீடுகளில் இந்த விலக்கு நீடிக்கிறது.

திவசச் சமையலில் இடமில்லாத அந்தக் கிழங்கின் பொருட்டு, ஒரு கும்பகோணத்து இளைஞர் போலீஸ் உத்தியோகத்தைத் துறந்து கடல் கடந்தார். இருபத்து நான்கு வயதில் இத்தகைய தீர்மானத்தைச் செய்யத் துணிவு மட்டும் போதாது. பட்டினி என்பது தீர்க்கக்கூடிய ஒரு விஞ்ஞானப் பிரச்சினை என்ற நம்பிக்கையும் வேண்டும். அந்த நம்பிக்கையை அவருக்கு வங்காளம் அளித்திருந்தது என்பதே என் எண்ணம்.

பட்டினி கிடந்த பூமி

வாகனிங்கன் சிறிய ஊர். ஆயினும் ஐரோப்பிய சரித்திரத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு: 1945 மே மாதம் 5-ஆம் தேதி, ஹாலந்திலிருந்த ஜெர்மன் சேனையின் சரணாகதி பேசி முடிக்கப்பட்டது அவ்வூர் ஹோட்டல் ஒன்றில்தான்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் மேற்கு ஹாலந்தின் நகரங்களில் உணவு அற்றுப்போய், மக்கள் டியூலிப் மலர்ச் செடியின் கிழங்குகளையும் சர்க்கரைக் கிழங்கையும் வேகவைத்துத் தின்றார்கள். ஏறக்குறைய 20,000 பேர் மாண்டார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொள்ளைகொண்ட வங்காளத்துப் பஞ்சத்தோடு அதை ஒப்பிட இயலாதுதான். ஆனால் பஞ்சம் என்பது கீழ்த்திசைக்கு மட்டுமே விதிக்கப்பட்டதன்று என்பதை, அங்கே சென்ற இந்திய மாணவர் நேரில் உணர்ந்திருப்பார்.

அந்த யுத்தம் ஹாலந்தின் மண்ணுக்குள்ளும் ஒரு நோயை விட்டுச் சென்றிருந்தது.

நம் குடியானவர்கள் சம்பா தாளடி அறுப்புக்குச் சில நாள் முன்னதாக, நிற்கும் பயிரின் ஊடே ஈரச் சேற்றில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுகிறார்கள் அல்லவா? ஒரே பயிரை ஓயாமல் வைத்தால் மண் மலடாகும், பூச்சி பெருகும் என்ற அனுபவ ஞானம் அதற்குள் இருக்கிறது. டச்சுக் குடியானவர்களும் அவ்வாறே பயிரை மாற்றி மாற்றி வைத்து வந்தவர்கள். ஆனால் யுத்த காலத்தில் வயிற்றை நிரப்ப உருளைக்கிழங்கை விட்டால் வேறு கதியில்லை என்றானபோது, தொன்றுதொட்டு வந்த அந்த முறையைக் கைவிட்டு, கடலிலிருந்து மீட்ட புது நிலங்களிலும்கூடக் கிழங்குக்குப் பின் கிழங்காகவே நட்டார்கள்.

அதன் பயனாகப் பெருகிற்று பொன்னிற நூற்புழு.

கண்ணுக்குத் தென்படாத புழு அது. உருளைச் செடியின் வேரைத் துளைத்து அதன் சாரத்தை உறிஞ்சும் பெண்புழுவின் உடல் உருண்டு திரண்டு, வேரின் மேல் கடுகினும் சிறிய பொன்மணியாய் ஒட்டி நிற்கும். புழு இறந்ததும் அந்த உடலே பழுப்பேறி, கெட்டியான உறையாகிவிடும். உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள். உறை மண்ணில் உதிர்ந்து காத்துக் கிடக்கும். ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல. இருபது ஆண்டுகள் வரையிலும் காத்திருக்கும். என்றைக்கு மறுபடியும் உருளைச் செடியின் வேர் கசிவு அந்த மண்ணில் படுகிறதோ, அன்றைக்கு முட்டைகள் விழித்துக்கொள்ளும்.

மருந்து தெளித்து ஒழிக்கக்கூடிய எதிரியன்று இது. புழுவைத் தாங்கி நிற்கும் இயல்பைச் செடிக்கே உண்டாக்குவதுதான் வழி. அந்த இயல்பு அன்றைய ஐரோப்பாவின் கிழங்குகளில் இல்லை.

ஏன் இல்லை என்பதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் வளர்த்து வந்த எத்தனையோ விதமான உருளைக்கிழங்குகளில், 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுவந்தவை சிலவே. அந்தச் சில கிழங்குகளின் சந்ததிதான் ஐரோப்பா முழுவதும் பரவிற்று. வம்சம் குறுகினால் நோயைத் தாங்கும் சக்தியும் குறுகும். 1845-ல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தில் ஒரே நோய் தேசத்துக் கிழங்கையெல்லாம் அழுகடித்து, பத்து லட்சம் மக்களைப் பலிகொண்டதற்கு இதுவும் காரணம்.

ஆகையால் மருந்தைத் தேட வேண்டிய இடம், கிழங்கு தோன்றிய மலை. அங்கே பாறை இடுக்குகளிலும் மேய்ச்சல் வெளிகளிலும், மனிதன் ஏறெடுத்தும் பாராத காட்டு உருளைச் செடிகள் நூற்றுக்கு மேற்பட்ட ஜாதிகளாக இன்றும் வளர்கின்றன. அவற்றின் கிழங்கு கோலிக்குண்டளவு இருக்கும். பலவற்றில் வாயில் வைக்க முடியாத கசப்பு. ஆனால் நோயையும் புழுவையும் பனியையும் எதிர்த்து யுகயுகமாகத் தாமே பிழைத்து வந்தவை அவை. அந்தக் காட்டு ஜாதிகளின் மரபுக் கூறுகளை நாட்டுக் கிழங்குக்குள் கொண்டுவருவதற்கான முறைகளை வகுப்பதே சுவாமிநாதன் மேற்கொண்ட பணி.

நாற்பத்தெட்டும் இருபத்து நான்கும்

சொல்வது எளிது, இயற்கை குறுக்கே ஒரு வேலி போட்டிருந்தது.

நாம் உண்ணும் உருளையின் ஒவ்வோர் அணுவிலும் 48 குரோமோசோம்கள் உள்ளன. காட்டு ஜாதிகளில் பெரும்பாலானவற்றுக்கு 24 மட்டுமே. இரண்டையும் மணம் முடித்து வைத்தால் பெரும்பாலும் விதையே பிடிப்பதில்லை. அரிதாகப் பிடித்தாலும், 36 குரோமோசோம்களோடு பிறக்கும் கலப்புச் செடி மலட்டுத் தன்மை உடையதாகிவிடுகிறது. மகரந்தம் உருவாகும் வேளையில் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து பிரிய வேண்டும்; கோலாட்டத்தில் எதிரில் கோல் நீட்ட ஆள் இல்லாமல் மூன்றாமவள் தடுமாறுவதுபோல், ஜோடியற்ற குரோமோசோம்கள் தடுமாறி ஆட்டத்தையே குலைத்துவிடுகின்றன.

இதற்கு ஓர் உபாயம் 1937-ல் அமெரிக்காவில் வெளிப்பட்டிருந்தது. கால்ச்சிசின் என்னும் விஷப்பொருளின் கரைசலில் முளையை நனைத்தால், அணு பிரிவது தடைப்பட்டு, அதற்குள்ளிருக்கும் குரோமோசோம்களின் தொகை இரட்டித்துவிடும். (அந்த விஷம் நமக்கு அந்நியமானதன்று, மழைக்காலத்தில் நம் வேலிகளில் செக்கச்செவேலென்று பூக்கும் செங்காந்தளின் கிழங்கிலும் அதுவே இருக்கிறது.) 24 உடைய காட்டுச் செடியை 48 ஆக்கிவிட்டால் நாட்டுச் செடியோடு சேரத் தடை குறைகிறது. இவ்வாறு எந்தெந்த ஜாதியை இரட்டிக்கலாம், இரட்டித்தது எதனோடு சேரும், சேர்ந்ததன் சந்ததி எவ்வாறு இருக்கும் என்று பொறுமையாகச் சோதித்து, 1951-ல் அமெரிக்க உருளைக்கிழங்குப் பத்திரிகையில் அவர் கட்டுரை வெளியிட்டார்.

அப்போது அவர் கேம்பிரிட்ஜில் இருந்தார். 1950-ல் ஹாலந்திலிருந்து இங்கிலாந்து சென்று, அங்குள்ள பயிர்ப்பெருக்க நிலையத்தில் ஹோவர்டு என்ற அறிஞரிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். கும்பகோணத்துச் சர்க்கார் கல்லூரியைத் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று போற்றுவது நம்மவர் வழக்கம். 1914-ல் கணித மேதை ராமானுஜன் அந்த ஊரின் வாசனையோடு அசல் கேம்பிரிட்ஜை அடைந்தார். முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அதே ஊரிலிருந்து இன்னொருவர்.

ஒரு நாள் வேலை எத்தகையது என்பதை வாசகர் சற்றுக் கூர்ந்து காண வேண்டும். முளைத்து வரும் வேரின் நுனியைக் கிள்ளி, சாராயமும் காடி அமிலமும் கலந்த திரவத்தில் இட்டு, அணுக்களை அப்படியே உறையச் செய்ய வேண்டும். பிறகு கார்மைன் என்னும் செஞ்சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லின் மேல் வைத்து, மெல்லிய மூடு சில்லால் மூடிக் கட்டை விரலால் நசுக்க வேண்டும். அழுத்தம் மிகுந்தால் அணுக்கள் சிதறிப்போகும். குறைந்தால் குரோமோசோம்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து எண்ணவே முடியாது. எல்லாம் சரியாக அமைந்தால், நுண்ணோக்கியின் வெளிச்ச வட்டத்தில் சிவந்த துரும்புகள் சிதறிக் கிடப்பது தெரியும். அவற்றை எண்ண வேண்டும், வரைய வேண்டும், மறுபடியும் எண்ண வேண்டும். நூற்றுக்கணக்கான செடிகளுக்கு இப்படி.

சாப்பாட்டுக்கு அப்போது பிரிட்டனிலும் ரேஷன்தான். இங்கே நம் ராஜ்யத்தில் ராஜாஜி பதவியேற்று 1952 ஜூன் மாதத்தில் உணவுக் கட்டுப்பாடுகளை நீக்கினார். அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி நாகப்பட்டினத்துக் கரையைத் தாக்கிய கடும்புயல் தஞ்சை ஜில்லாவை அலைக்கழித்தது. சம்பாப் பயிர் நிற்கும் மாதத்தில் வரும் புயல் என்ன செய்யும் என்பதைக் காவேரிக்கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 1952-லேயே அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. உருளை இனத்துச் செடிகள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வாறு பிரிந்தன, குரோமோசோம் தொகை பெருகியதன் இயல்பு யாது என்பதே ஆராய்ச்சியின் பொருள். ஆசிரியர் ஹோவர்டுடன் சேர்ந்து உருளைக்கிழங்கின் அணுவியலையும் மரபியலையும் பற்றி அவர் எழுதிய, ஏறக்குறைய 200 பக்கம் கொண்ட பெருங்கட்டுரை மறு ஆண்டு வெளிவந்தது.

கேம்பிரிட்ஜ் அவருக்கு இன்னொன்றையும் அளித்தது. அங்கே பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த மீனா பூதலிங்கத்தை அவர் சந்தித்தது 1951-ல். தமிழ் வாசகர்கள் ‘கிருத்திகா’ என்ற புனைபெயரில் அறிந்த நாவலாசிரியையின் மகள் அவர். 1955-ல் நடந்த அவர்கள் விவாகத்தைப் பற்றி உரிய இடத்தில் சொல்வோம்.

பனியைத் தாங்கும் செடி

அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் விஸ்கான்ஸின் சர்வகலாசாலை அவரை அழைத்தது. அமெரிக்க விவசாய இலாகா அந்த ராஜ்யத்தில் ஓர் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தை உருவாக்கி வந்தது. காட்டு ஜாதிகளைக் கையாண்டு பழகிய ஒருவர் அதற்குத் தேவைப்பட்டார்.

இங்கே எதிரி புழு அன்று, உறைபனி. வசந்தத்தின் கடைசியிலோ இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலோ ஒரே ஓர் இரவு பனி உறைந்தால் போதும். இலைகளிலுள்ள நீர் பனிக்கட்டியாகி அணுக்களைச் சிதைத்துவிட, மறுநாள் வெயில் ஏறும்போது வயல் முழுவதும் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துக் கிடக்கும்.

ஆண்டீஸின் உச்சிச் சரிவுகளில், மரங்கள் முளைக்கத் துணியாத உயரத்தில், தரையோடு தரையாக இலை விரித்துக் கிடக்கும் ‘அகாவ்லே’ என்ற காட்டு உருளை இத்தகைய இரவுகளைச் சாதாரணமாகக் கழிக்கும். அதன் குளிர் தாங்கும் இயல்பை நாட்டுக் கிழங்குக்குள் புகுத்தும் பிரயத்தனத்தில் அவர் இறங்கினார். காட்டுச் செடியோடு சேர்த்த முதல் தலைமுறை பாதிக்குப் பாதி காடாகவே இருக்கும். அதை மறுபடியும் நாட்டுச் செடியோடு சேர்த்து, பிறந்தவற்றுள் பனியைத் தாங்கியதைப் பொறுக்கி, மீண்டும் நாட்டுச் செடியோடு சேர்த்து, கசப்பும் சிறுமையும் தலைமுறைக்குத் தலைமுறை கழிய, வேண்டிய ஒரு குணம் மட்டும் நிலைக்கும்படி செய்ய வேண்டும். பின்னாளில் ‘அலாஸ்கா ஃப்ராஸ்ட்லெஸ்’ என்று பெயர் பெற்ற உருளைக்கிழங்கு இந்த வழியில் விளைந்தது.

கொதிக்கும் காவேரி மணலில் கால் பதித்து வளர்ந்த ஒருவரின் உழைப்பு அலாஸ்காவின் பனி வயலில் பயன்பட்டது!

சர்வகலாசாலையார் அவருக்கு ஆசிரியர் ஸ்தானம் ஒன்றை அளிக்க முன்வந்தார்கள். நல்ல சம்பளம், சிறந்த ஆய்வுக்கூடம், உலகிலேயே வளமான காட்டு உருளைச் சேகரங்களில் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில். இரண்டாவது முறையாக ஒரு பெரிய வாசல் திறந்தது. இரண்டாவது முறையாகவும் அவர் மறுத்தார். தம் நாட்டில் போதிய உணவு விளைவதற்கு உதவ வேண்டும் என்பதற்காகவே மரபியலைப் படித்தோம், அதற்கு இங்கே இருந்து பயனில்லை என்பதே அவர் கூறிய காரணம்.

1949-ல் போலீஸ் உத்தியோகத்தைத் தள்ளியதைக் காட்டிலும் இந்த மறுப்பே பெரிது என்று நான் கருதுகிறேன். அன்று அவர் விட்டது தமக்கு விருப்பமில்லாத ஒன்றை. இன்று விட்டதோ, ஐந்து ஆண்டுகள் உயிரைக் கொடுத்து உழைத்துத் தேர்ச்சி பெற்ற துறையில், அத்துறையின் சிகரத்தில் கிடைத்த இடத்தை.

வேலையில்லாத டாக்டர்

1954-ன் தொடக்கத்தில் அவர் திரும்பி வந்தபோது தாய்நாட்டில் அவருக்காக எந்த உத்தியோகமும் காத்திருக்கவில்லை. அவர் கற்ற உருளைக்கிழங்கு வித்தைக்கு இங்கே தேவை இல்லாமலில்லை. அவர் ஹாலந்தில் எதிர்த்துப் போராடிய அதே பொன்னிற நூற்புழு 1961-ல் நம் உதகமண்டலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தாங்கும் ‘குஃப்ரி ஸ்வர்ணா’ என்ற ரகம் வேறு விஞ்ஞானிகளின் முயற்சியால் நீலகிரிக் குடியானவர்களுக்கு 1985-ல்தான் கிடைத்தது. ஆனால் 1954-ல் இவற்றையெல்லாம் யார் அறிவார்?

கடைசியில் ஒரு தற்காலிக வேலை வந்தது. கட்டாக்கில் இருந்த மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உதவித் தாவரவியலாளர் பதவி. நெல்! பிறந்த மண்ணின் பயிர் சுற்றி வளைத்து அவரைப் பிடித்துக்கொண்டது. கீழக்கரையில் பிறந்து, கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சியை வளர்த்து, நெல் விஞ்ஞானத்தில் உலகப் புகழ் பெற்ற ராமையா வேரூன்றச் செய்த நிலையம் அது.

அங்கே ஒரு விசித்திரமான முயற்சி நடந்துகொண்டிருந்தது. நம் நாட்டு நெல் உயரமாக வளர்வது. ரசாயன உரத்தை ஊட்டினால் மேலும் உயர்ந்து, கதிர் கட்டும் தருணத்தில் பாரம் தாங்காமல் சாய்ந்து, சேற்றில் விழுந்து முளைத்துவிடும். ஜப்பானிய நெல்லோ குட்டையானது, உரத்தை ஏற்று நிமிர்ந்து நிற்பது. ஆனால் நம் வெயிலுக்கும் நாக்குக்கும் ஒவ்வாதது. தூரத்து உறவான இந்த இரண்டையும் இணைத்தால் பிறக்கும் செடிகள் பல, பதர் மிகுந்து, மலடாக நின்றன.

தூரத்து உறவு, ஒவ்வாத கலப்பு, மலட்டுச் சந்ததி, அதிலிருந்து வேண்டிய ஒரே குணத்தைப் பொறுக்கி எடுக்கும் பொறுமை ஆகிய இவை யாவும் சுவாமிநாதன் காட்டு உருளைக்கிழங்கில் ஐந்து ஆண்டுகளாகப் பார்த்துப் பழகியவை. உருளைக்கிழங்கில் அவர் கழித்த காலம் வீண் சுற்று என்று எண்ணுவோர் உண்டு. அது பெரும் பிழை; பின்னால் நெல்லிலும் கோதுமையிலும் அவர் கையாண்ட வித்தையின் அரிச்சுவடி அங்கேதான் எழுதப்பட்டது.

கட்டாக்கிலிருந்து கலப்பு விதைகள் பல ராஜ்யங்களின் ஆராய்ச்சிப் பண்ணைகளுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று, கும்பகோணத்திலிருந்து மாயவரம் செல்லும் ரயில் பாதையில் 1922 முதல் இயங்கி வந்த ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம். அங்கே குறுவை வயலில் விழுந்த அந்த ஜப்பானியக் கலப்பு, தஞ்சைக் குடியானவரின் நம்பிக்கையைப் பெற்றதா, இல்லை, சீமைக் கிழங்கைத் திவசத்துக்கு விலக்கியதுபோல் அவர்கள் அதையும் விலக்கி வைத்தார்களா?

(தொடரும்)